நிற்பதுபோல் நிற்கும் மணல்: மட்டக்களப்பு வாவிக் கரையில் கிடங்கு வெட்டும் வேலை

மாரி முற்றி வாவி நிரம்பிவிட்டால் முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி ஊர் கேட்கத் தொடங்கும். வயல் மூழ்கும், பள்ளமான ஒழுங்கைகளில் தண்ணீர் வீட்டுப்படி ஏறும். பாலமீன்மடுவிலோ கல்லாற்றுப் பக்கத்திலோ கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் வடியும். பெக்கோ வந்து ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் கீறிவிடும். அதற்குப் பிறகு இயந்திரத்துக்கு அதிகம் வேலை இல்லை. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கரை தானாக உடையும். முதலில் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு மயிர்க்கீறல் தெரியும். அடியில் மணல் கரைந்து போய்க்கொண்டிருக்க, மேலே எல்லாம் உறுதியாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு கீறலுக்கு இப்பால் இருக்கும் முழுத் துண்டும் ஒரேயடியாக உட்கார்ந்துவிடும். தாண்டக்கூடியதாக இருந்த வெட்டு சில மணி நேரத்தில் ஆறாகிவிடுகிறது. வேடிக்கை பார்க்கப் போன பிள்ளைகளை விளிம்பில் நிற்க வேண்டாம் என்று பெரியவர்கள் அதட்டுவார்கள்.

அதே மணல்தான் கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் களுவாஞ்சிகுடியிலும் வீடுகளுக்குக் கீழே கிடக்கிறது. அதில் குழாய் பதிக்கவும் வடிகான் கட்டவும் அத்திவாரம் போடவும் மலகூடக் குழி இறக்கவும் செங்குத்தாக வெட்டிய கிடங்குகளுக்குள் ஆட்கள் இறங்குகிறார்கள். முகத்துவாரத்தில் விளிம்பில்கூட நிற்கவிடாத ஊர், இங்கே அடியில் குனிந்து வேலை செய்பவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. மணலைப் பற்றி இந்தக் கரைக்குத் தெரியாதது குறைவு. தெரிந்ததைச் செய்வதற்கு வேண்டிய காசையும் நேரத்தையும் வேலையின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. ஆபத்தின் வேரை அங்கேதான் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை, கடல் கொண்டுவந்து குவித்த மணல் வரம்பு. நாவலடிப் பக்கம் போனால் இந்த வரம்பு எவ்வளவு ஒடுங்கியது என்பது தெரியும். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் வாவி. மேற்கே படுவான்கரை வயல் நிலம். அங்கே களியும் வண்டலும் கலந்த மண். இரண்டுக்கும் நடுவே, வாவியின் ஓரங்களில், கண்டல் வேர்களுக்குள் படிந்த கறுப்புச் சேறு. அந்தச் சேற்றின் மேல் கிறவல் கொட்டி நிரப்பி வீடும் வீதியும் ஆக்கிய நிலம் புளியந்தீவைச் சுற்றியும் வாவியோரத்து ஊர்களிலும் உண்டு.

இந்த மண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சரியும். களி நல்லவன்போல் நடிக்கும். வெட்டியதும் கத்தியால் அறுத்த வெண்ணெய்போல் வழவழப்பாக நிற்கும். நாள் கணக்கிலும் நிற்கலாம். ஆனால் கோடையில் வெடித்த வயல்களியில் மழைநீர் இறங்கினால் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்து பாளம் பாளமாக வரும். நிரப்பிய நிலத்தை இன்னும் நம்பக் கூடாது. மேலே கிறவல் இறுகிக் கல்லாகக் கிடக்கும். அலவாங்கு போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். மூன்றடி, நான்கடி போனதும் சேறு தொடங்கும். மேலேயுள்ள கனத்தில் சேறு பள்ளத்துக்குள் பிதுங்க, அதன் மேல் இருக்கும் கிறவல் தட்டு தாங்கல் இல்லாமல் முறிந்து விழும். பழைய குழாய் போன தடத்துக்குப் பக்கத்திலேயே புதுக் குழாய்க்குக் கான் வெட்டுவது மற்றொரு பொறி. முன்பு ஒருமுறை தோண்டி மூடிய மண் தன் பழைய இறுக்கத்துக்கு எளிதில் திரும்புவதில்லை; பார்வைக்கு அது தெரிவதும் இல்லை.

ஆனால் இக்கரையில் அதிகம் வெட்டப்படுவது மணல். அதன் ஏமாற்றுத்தான் மிகவும் நுட்பமானது.

காய்ந்த மணலைக் குவித்தால் கிட்டத்தட்ட 30 முதல் 35 பாகைச் சரிவில்தான் நிற்கும். அதற்கு மேல் நிமிராது. தண்ணீரில் ஊறிய மணல் அதைவிடவும் படுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஈர மணல் மட்டும் செங்குத்தாக நிற்கிறது. மணிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருப்பதுதான் காரணம். ஒட்டும் பொருள் எதுவும் அங்கே இல்லை. வெயில் பட்டு அந்தப் படலம் உலர்ந்தாலும் போச்சு, ஊற்று ஏறி அல்லது மழை இறங்கி இடைவெளி முழுவதும் நிரம்பினாலும் போச்சு. அதாவது காலை எட்டு மணிக்கு வெட்டிய சுவர் பத்து மணிக்கு நின்றது என்பது, மதியம் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் தராது. வேலைத்தளங்களில் அடிக்கடி கேட்கும் சமாதானம் இதற்கு நேர்மாறானது: இவ்வளவு நேரம் நின்றது, இனி விழவா போகிறது? மணலைப் பொறுத்தவரை, நின்ற நேரம் முழுவதும் அதன் பிடி தளர்ந்துகொண்டிருந்த நேரம்.

ஒரு குழாய்க் கானைக் கிட்ட நின்று பார்த்தால் எல்லாம் அந்தச் சுவரிலேயே எழுதியிருக்கும். மேலே ஓரடி கறுப்பு மண், வேர்கள். அதன் கீழே மஞ்சள் கலந்த ஈர மணல், பெக்கோ வாளியின் பல் கீறிய தடங்கள் அப்படியே பதிந்திருக்கும். இன்னும் கீழே நிறம் மாறி வெளுக்கும், சுவர் வியர்க்கும். அடியில் ஊற்று கண் திறந்த இடத்தில் தண்ணீரோடு மணிமணியாக மணல் வெளியேறி ஒரு சின்ன விசிறிபோல் பரவும். அந்த விசிறி பெருகும் அளவுக்கு சுவரின் கால் உள்ளே குடைபடுகிறது. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே கொட்டிக் குவித்திருப்பார்கள். அதன் பாரம் மேலிருந்து அமுக்கும். பக்கத்து வீதியில் லொறி ஒன்று போகும்போது காய்ந்த மணல் கொஞ்சம் உதிரும். அப்படி உதிர்வதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் மேசனும் உண்டு, தோளிலிருந்து தட்டிவிட்டு வேலையைத் தொடர்பவரும் உண்டு.

விழுகிற மண்ணின் கனத்தை நாம் குறைத்தே நினைக்கிறோம். ஒரு கன மீற்றர் மண் ஒன்றரைத் தொன்னிலிருந்து இரண்டு தொன் வரை இருக்கும். இரண்டு மீற்றர் ஆழமான கானில் ஒரு பக்கம் வழக்கமான கோணத்தில் சரிந்தால், ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் ஏறத்தாழ இரண்டு தொன் உள்ளே வரும். எகிறிக் குதித்துத் தப்ப நேரம் கிடைப்பதில்லை. மார்பு வரை புதைந்தவருக்குத் தலை வெளியே இருந்தாலும் உயிர் போகலாம். மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்கும். சுருங்கிய இடத்துக்கு மணல் இறங்கிவிடும். அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரிய இடம் இராது. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற கதை இது. தப்பி வெளியே வந்தவருக்கும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. நீண்ட நேரம் நசிந்திருந்த தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். இரண்டாம் உலகப்போரில் இலண்டனில் குண்டு விழுந்து இடிபாட்டில் கிடந்தவர்களிடம் இதை அவதானித்து 1941 இல் எழுதியவர் எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர். கால் மட்டும்தானே புதைந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

மீட்புத்தான் இரண்டாவது விபத்தாக மாறுகிறது. ஒருவர் புதைந்ததும் பக்கத்தில் நிற்பவர் யோசியாமல் குதிக்கிறார்; அண்ணனோ தம்பியோ மச்சானோ உள்ளே கிடக்கும்போது யோசிக்கச் சொல்வதும் கஷ்டம். ஆனால் முதல் சரிவு மேலே ஒரு தொங்கு விளிம்பை விட்டுச் சென்றிருக்கும். அடுத்த சரிவு குதித்தவர் மேல் வரும். இயந்திரத்தால் தோண்டுவதும் அவ்வளவே மோசம். 2022 ஏப்ரலில் மதுரை விளாங்குடியில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து தொழிலாளி ஒருவர் புதைந்தார். மீட்க வந்த மண்ணள்ளும் இயந்திரத்தின் வாளி பட்டு அவர் தலை துண்டாகிப்போனது. கூட்டத்தை விளிம்பிலிருந்து விலக்கி, வீதியில் வாகனத்தை நிறுத்தி, இருபுறமும் பலகை நிறுத்தி முட்டுக் கொடுத்துக்கொண்டு, கையாலும் சிறு மண்வெட்டியாலும்தான் உடலை நெருங்க வேண்டும். வாவிக் கரையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பதற்றத்தில் நீர்ப்பம்பியை யாரும் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் ஊற்று ஏறும். மண்ணுக்குத் தப்பியவர் தண்ணீருக்கு அகப்படுவார்.

இப்படிப்பட்ட மணலில்தான் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டிக் குடித்திருக்கிறோம். அந்தப் பழைய முறைகளைக் கவனித்தால் இரண்டே உபாயங்கள் தெரியும். முதலாவது, அகலமாக வெட்டுவது. தோட்டங்களுக்கு நீர் எடுக்கும் பூவலும் துரவும் வாய் அகன்று, பக்கங்கள் சாய்ந்து, அடியில் ஒடுங்கிக் கிடக்கும். தண்ணீரை அள்ள ஆள் நடந்தே இறங்கலாம். மணல் எந்தச் சரிவில் நிற்க விரும்புகிறதோ அந்தச் சரிவிலேயே விட்டுவிட்டார்கள். இரண்டாவது, சுவரைக் கூடவே கொண்டுபோவது. கொங்கிறீட் வளையம் இறக்கும் கிணற்றில், வளையத்தை நிலத்தில் வைத்து அதன் உள்ளே நின்று மண்ணை எடுக்க, வளையம் தன் கனத்தால் கீழே இறங்கும். மேலே அடுத்த வளையத்தை வைப்பார்கள். வெட்டுகிறவரைச் சுற்றி எப்போதும் சுவர் இருக்கும். வெறும் மணற்சுவருக்குப் பக்கத்தில் அவர் ஒரு நிமிடமும் நிற்பதில்லை. இன்று மேல்நாட்டு வேலைத்தளங்களில் கானுக்குள் இறக்கி வைக்கும் இரும்புக் காப்புப் பெட்டியின் கருத்தும் ஏறக்குறைய இதுவே.

வளையம் இறக்குவதும் பிழை விட்டால் ஆளை விழுங்கும். வளையத்தின் கீழ் விளிம்பைத் தாண்டி ஒரு பக்கமாக ஆழத் தோண்டினால் வளையம் சாய்ந்து இறுகும், வெளிமணல் அடியால் உள்ளே பாயும். ஊற்றை வற்றவைக்கப் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய்ப் பம்பியைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கினால் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமல் கொல்லும். ஆனால் இவை வேலையைப் பிழையாகச் செய்வதால் வருபவை. இன்றைய குழாய்க் கானில் வேலையின் அமைப்பே பிழை.

அது எப்படி வந்தது? 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறி வடிந்த பிறகு வீடமைப்பு, பிறகு 2007 இல் கிழக்கில் போர் முடிந்த கையோடு ‘கிழக்கின் உதயம்’ என்ற பெயரில் வீதி, பாலம், வடிகான், குடிநீர். உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவில் சுத்திகரித்து எழுவான்கரைக்குக் கொண்டுவரும் திட்டம் இந்த மணற்கரைக்குத் தேவையான நல்ல வேலை; கிணறும் மலகூடக் குழியும் நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் அதன் பயனைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் குழாய் நேர்கோட்டில் போகும். ஒழுங்கையின் அகலம் கூடாது. பெக்கோ இரண்டடி, மூன்றடி அகலத்தில் செங்குத்தாகக் கீறிக்கொண்டு போகும். பூவலின் சரிவும் இல்லை, கிணற்றின் வளையமும் இல்லை.

சரிவு வைத்து வெட்டலாமே என்று கேட்கலாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் மண்ணை வகைபிரித்து ஒவ்வொன்றுக்கும் சரிவு சொல்கின்றன. மணலும், ஊற்று கசியும் மண்ணும் அதில் கடைசி வகை. ஒரு மீற்றர் ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீற்றர் அகலம் விட வேண்டும். இரண்டு மீற்றர் ஆழக் கானுக்கு இரு பக்கமும் மும்மூன்று மீற்றர், நடுவில் குழாய் கிடக்க அரை மீற்றருக்கு மேல். ஆக மேல்வாய் ஆறரை மீற்றருக்கு மேல். காத்தான்குடியிலோ கல்முனைக் கரையோரத்திலோ உள்ள குடியிருப்பு ஒழுங்கைகளில் அவ்வளவு அகலம் எங்கே இருக்கிறது? இரண்டு மதில்களுக்கும் இடையில் ஒரு முச்சக்கர வண்டி போனால் எதிரே வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். எனவே சரிவு இங்கே வழியாகாது. பலகை நிறுத்தி முட்டுக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதை அளவுநாடாவே சொல்லிவிடுகிறது.

மதில் என்றதும் இன்னொன்று. இங்கே மதில்களுக்குப் பெரும்பாலும் ஆழமான அத்திவாரம் கிடையாது. மணலில் ஓரடி இரண்டடி இறக்கிச் சீமெந்துக் கல் அடுக்கியிருப்பார்கள். அதை ஒட்டி நான்கடி வெட்டினால் மதில் நிற்பதே அதிசயம். மண்ணோடு கல்லும் சேர்ந்து விழும். 2024 பெப்ரவரி 7 அன்று ஊட்டிக்கு அருகே லவ்டேலில் வீட்டு வேலைக்காகத் தடுப்புச்சுவர் எழுப்ப மண் வெட்டியபோது, மேலே நின்ற பழைய கழிப்பறைக் கட்டடம் இடிந்து விழுந்து பெண் தொழிலாளர் ஆறு பேர் இறந்தார்கள். மலையும் மணற்கரையும் வேறு வேறுதான். ஆனால் வெட்டுகிற இடத்துக்கு மேலே என்ன நிற்கிறது என்று பார்க்காமல் காலை வெட்டிவிடுகிற பழக்கம் ஒன்றேதான்.

அடுத்தது தண்ணீர். எழுவான்கரையில் சில அடி தோண்டினாலே ஊற்று வரும். மாரியில் கையெட்டும் ஆழத்தில் நிற்கும். கான் வெட்டுபவர்கள் அடியில் ஒரு குழி பறித்துப் பம்பியைப் போட்டு இறைக்கிறார்கள். அப்படி இறைக்கும்போது நாலாபக்கமும் இருந்து தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடி வரும், வரும்போது மணலையும் இழுத்து வரும். சுவரைக் காப்பாற்றவே பம்பி என்று நினைக்கிறோம். அது சுவரின் காலைப் பறிக்கிறது. சரியான முறை, கானுக்கு வெளியே வரிசையாகச் சிறு குழாய்களை இறக்கி, வெட்டுவதற்கு முன்பே ஊற்று மட்டத்தைத் தாழ்த்திவிடுவது. அதற்கும் இங்கே ஒரு விலை உண்டு. இந்த மணல் வரம்பில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து கிடக்கும் மெல்லிய படலம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி தாழ்ந்தால், கீழே உப்புநீர் நாற்பதடி வரை ஏற இடம் உண்டு என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. சுனாமிக்குப் பின் கல்லடியிலும் களுதாவளையிலும் ஓட்டமாவடியிலும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் கிணறுகளை ஆராய்ந்தபோது இந்தப் படலம் எவ்வளவு நொய்தானது என்பது தெளிவாகத் தெரிந்தது. உப்பேறிய கிணற்றை ஒரேயடியாக இறைத்து வற்றவைக்க வேண்டாம், உப்பு இன்னும் ஏறும், கிணற்றுச் சுவரும் உள்ளே விழலாம் என்று அக்காலத்தில் நிபுணர்கள் எச்சரித்தார்கள். கான் வெட்டுபவரின் பம்பிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

மழைக்காலத்தில் ஆழமான கிடங்கைத் திறந்து வைத்திருப்பதன் விலையை 2023 டிசம்பர் 4 சென்னைக்குக் காட்டியது. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டிய, ஏறத்தாழ ஐம்பதடி ஆழமான பள்ளத்தின் கரை சரிந்து இருவர் உள்ளே போனார்கள். நீரும் சேறும் நிறைந்த அந்தக் குழியிலிருந்து உடல்களை எடுக்கப் பல நாள் ஆனது. மட்டக்களப்பில் அவ்வளவு ஆழமான கிடங்குகள் அரிது. ஆனால் மழையோடு சேர்ந்து வெட்டுவது இங்கே அரிதல்ல. சொல்லப்போனால் ஆண்டுக்கணக்கே அப்படித்தான் ஓடுகிறது.

அரச நிதி ஆண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவழிக்காவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். அனுமதி, கேள்வி மனு, ஒப்பந்தம் என்று முதல் ஆறேழு மாதம் காகிதத்தில் கழியும். மே முதல் செப்டெம்பர் வரை மண் காய்ந்து, ஊற்று தாழ்ந்து, வெட்டுவதற்கு வாகாக இருக்கும் காலம் இப்படிப் போய்விடும். பெக்கோ வீதிக்கு வரும்போது ஒக்டோபர் ஆகிவிடும். மாரி மழையும் அப்போதுதான் வருகிறது. நவம்பரிலும் டிசம்பரிலும் பில் போடுவதற்காக ஊற்று மேலேறிய மணலில் அவசரமாகக் கான் இழுக்கிறார்கள். இதை ஒரு பொறியியலாளரின் தவறு என்றோ ஒரு ஒப்பந்தக்காரரின் பேராசை என்றோ சொல்லிவிட முடியாது. நாட்காட்டியே இப்படி அமைந்திருக்கிறது.

காசின் கதையும் இதே மாதிரி. பி.ஓ.கியூ. என்று எல்லோரும் சொல்லும் அளவைப் பட்டியலில் மண் வெட்டுவதற்குக் கன மீற்றருக்கு இவ்வளவு, குழாய் பதிப்பதற்கு மீற்றருக்கு இவ்வளவு என்று தனித்தனி வரிகள் இருக்கும். பக்கங்கள் சரியாமல் தாங்குவதும் தண்ணீர் இறைப்பதும் பல பட்டியல்களில் ஒரு மொத்த வரியாகவோ, வெட்டுக்கூலிக்குள் அடக்கமாகவோதான் வரும். குறைந்த விலைக்கே வேலை என்ற போட்டியில் ஒப்பந்தக்காரர் முதலில் குறைப்பது அந்த வரியைத்தான். குழாயைக் குறைக்க முடியாது, சீமெந்தைக் குறைத்தால் சோதனையில் தெரியும், போடாத பலகையோ கானை மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. அவர் துணை ஒப்பந்தத்துக்கு விடுகிறார். துணை ஒப்பந்தக்காரர் மீற்றர் கணக்கில் கூலி பேசுகிறார். பலகை நிறுத்தி, முட்டு இறுக்கி, குழாயை இறக்கி, பிறகு பலகையைக் கழற்றி நகர்த்துவதென்றால் ஒரு நாளில் பதிக்கும் மீற்றர் பாதியாகக் குறையலாம். பாதுகாப்புக்கான செலவை இப்படிக் கடைசியில் தாங்குபவர் கானுக்குள் நிற்கும் கூலியாள். அவருக்கு அது அன்றைய சம்பளத்திலிருந்து கழிகிறது. இப்படிப் பணம் ஓடும்போது அவருக்குத் தலைக்கவசம் கொடுத்துப் பாதுகாப்பு வகுப்பு நடத்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இரண்டு தொன் மண்ணைத் தலைக்கவசம் என்ன செய்யும்?

முட்டுக்கொடுப்பதைத் தனி வரியாக, மீற்றர் கணக்கில், வைத்தால் மட்டுமே பணம் என்று எழுதிவிட்டால் நிலைமை தலைகீழாகும். பலகை போடுவது செலவாக இல்லாமல் வருமானமாகிவிடும். சிங்கப்பூரிலும் கட்டாரிலும் வேலைத்தளங்களில் இருந்து திரும்பிய ஆட்கள் இக்கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெர்மிட் இல்லாமல் பள்ளத்தில் இறங்கக் கூடாது, ஏணி கிட்டவே இருக்க வேண்டும், வெட்டு மண்ணை விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளிக் கொட்ட வேண்டும், ஒவ்வொரு நாள் காலையிலும் மழைக்குப் பிறகும் தகுதியான ஒருவர் சுவரைப் பார்த்த பின்னரே இறங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். அதே ஆட்கள் ஊருக்கு வந்ததும் வெறும் மணற்சுவருக்கு நடுவே இறங்குகிறார்கள் என்றால் கோளாறு ஆளிடம் இல்லை.

சிங்கப்பூரும் இதை இலேசாகக் கற்றுக்கொள்ளவில்லை. 2004 ஏப்ரல் 20 இல் நிக்கல் நெடுஞ்சாலைக்கு அருகே ரயில் சுரங்கத்துக்காக முப்பது மீற்றருக்கும் மேல் ஆழமாக வெட்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அங்கே முட்டு இருந்தது. முட்டும் அதைத் தாங்கும் சட்டமும் சேரும் இடத்தின் வடிவமைப்பும், கடற்களியின் வலுவைக் கணித்த விதமும் பிழைத்துப்போயின. விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2006 இல் புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் கான் சரிவில் இறந்தவர்கள் 2021 இல் 15 பேர். 2022 இல் அது 39 ஆக எகிறியதும், அந்த ஆண்டு நடுவிலிருந்து அரசின் தொழிற்பாதுகாப்பு நிருவாகம் ஆயிரத்துக்கு மேற்பட்ட கான்களை முன்னறிவிப்பின்றிப் பரிசோதிக்கப் புறப்பட்டது. 2023 இல் எண்ணிக்கை மீண்டும் 15. விதிகள் அங்கே பல பத்தாண்டுகளாக இருந்தவைதான். ஆள் வந்து பார்ப்பான் என்ற பயம் திரும்பி வந்ததுதான் புதிது.

இலங்கையில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கை கட்டட வேலைகளுக்கும் நீள்கிறது. 2009 இல் தேசிய தொழில்சார் பாதுகாப்பு சுகாதார நிறுவனத்துக்கான சட்டமும், 2014 இல் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டமும் வந்தன. காயமும் மரணமும் நேர்ந்தால் 1934 இலிருந்து வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலைக்கு நிலையான வாசல் உண்டு. பரிசோதகர் போய்த் தட்டலாம். குழாய்க் கான் இன்று ஓர் ஒழுங்கையில் திறந்து, இரண்டு மூன்று நாளில் மூடப்பட்டு, அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். சரிவு நேர்ந்தால் திடீர் மரண விசாரணை நடக்கும், விபத்து என்று முடியும். பத்திரிகையில் மண்மேடு சரிந்து ஒருவர் பலி என்று நான்கு வரி வரும். இறந்தவரின் வயது, எத்தனை பிள்ளைகளின் தந்தை, எந்த வைத்தியசாலை என்பதெல்லாம் இருக்கும். பள்ளம் எத்தனை அடி, எவ்வளவு அகலம், முட்டு இருந்ததா, மண் எங்கே கொட்டியிருந்தது என்ற நான்கும் இராது. அடுத்த மரணத்தைத் தடுக்க உதவுவது அந்த நான்கும்தான்.

ஆழம் எவ்வளவு என்ற கேள்வியில் ஒரு பொறி உண்டு. ஐந்தடிக்கு மேல் போனால் காப்பு வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. பிரித்தானியாவில் முன்பு நான்கடி என்று எல்லை வைத்திருந்தார்கள். இப்போதைய விதியில் எண்ணே இல்லை, எந்த ஆழமானாலும் சரியும் ஆபத்து இருந்தால் தடுக்க வேண்டும். குழாய் மூட்டு இறுக்குபவர் நின்று வேலை செய்வதில்லை, குந்தியிருந்து அல்லது முழந்தாளிட்டுச் செய்கிறார். நாலடிக் கான் அவருக்குத் தலைக்கு மேல். அதனால் மணற்கரைக்கு இந்த எண்ணில்லாத விதியே பொருத்தம்.

இதுவரை சொன்னதெல்லாம் அரச வேலைகளையும் ஒப்பந்த வேலைகளையும் பற்றியது. அவற்றில் குறைந்தபட்சம் கேள்வி கேட்க ஒரு திணைக்களமும் கையெழுத்திட்ட ஒரு தாளும் இருக்கின்றன. வீட்டு வளவுக்குள் தோண்டும் கிடங்கு இதைவிட அநாதை. வீட்டுக்காரர் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசி, மலகூடக் குழியோ தொட்டிக் கிடங்கோ வெட்டச் சொல்கிறார். அவர் முதலாளியும் அல்ல, ஒப்பந்தக்காரரும் அல்ல. பாதுகாப்பு தன் பொறுப்பு என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை. கட்டட அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அளந்து பார்க்கிறார். அதே தாளில், குழி வளையம் இறக்கி வெட்டப்படுமா வெறுமனே வெட்டப்படுமா என்று ஒரு கட்டம் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது. பிரதேச சபைகளும் நகர சபைகளும் தண்ணீர்ப் பவுசரையும் மலக்கழிவு அகற்றும் வண்டியையும் கட்டணத்துக்கு அனுப்புகின்றன. அதே கருமபீடத்தில் பணம் கட்டினால் ஒரு தொகுதி தடித்த பலகையும், திருகி இறுக்கும் இரும்பு முட்டுகளும், ஓர் ஏணியும், அவற்றை நிறுத்தத் தெரிந்த ஓர் ஆளும் வளவுக்கு வருமென்றால், இரண்டு நாள் வேலைக்காக வீட்டுக்காரர் பலகை வாங்க வேண்டியதில்லை. பலகை இல்லை என்ற சாட்டும் அதோடு போய்விடும். தொகுதி ஒன்றுக்கு ஆகும் செலவை எந்தச் சபையும் தன் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் வைக்கலாம்; வைப்பதானால், மாரிக்கு முன்பே பலகையை எடுத்து வைத்துவிட வேண்டும்.